பதினோரு கட்டில்களுக்கு ஒரு நாவல்

அக்கா,

நேற்று மழை விட்டதும் மாநகராட்சி ஆட்கள் வந்து எங்கள் தெருக் கால்வாய் ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு முந்தானைக்கு மயில் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அந்த வாடை உள்ளே வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. ஏனாத்தூரில் அந்தக் கல்லூரி விடுதியின் கீழ்த்தள ஹால். வரிசையாகப் போட்ட பதினோரு இரும்புக் கட்டில்கள். ஆறாவதில் நான், ஏழாவதில் நீங்கள். நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மயிலின் கழுத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அப்புறமும் வரைய ஓடவில்லை.

கலெக்டர் ஆபீஸ் வாசல் மரத்தடியில் மேசை போட்டு, ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவர் நீங்கள். உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. போனில் பேசினோம், நேரில் பேசினோம், எழுதும்படி ஒன்றும் மிச்சம் இருந்ததில்லை. இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

கொரோனா இரண்டாவது அலை வந்த அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் முதலில் அவருக்குத்தான் இருமல் வந்தது. தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்காத மனிதர், பகலிலேயே பாயை விரித்துப் படுத்தார். மூன்றாம் நாள் எனக்கும் காய்ச்சல். பரிசோதனை முடிவு வந்த அன்று காலை தெருமுனையில் இரண்டு வண்டிகள் நின்றன. அவருக்கு ஆக்சிஜன் குறைவாக இருந்ததால் ஒரு வண்டியில் அரசு ஆஸ்பத்திரிக்கு. எனக்கு அவ்வளவு மோசமில்லை என்று இன்னொரு வண்டியில் ஏனாத்தூருக்கு. எட்டு வயது மகளை நாத்தனார் வாசலில் நின்று பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் வண்டியில் ஏறும்போது திரும்பி முகக்கவசத்துக்குள் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. "என்னங்க?" என்று கேட்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

எங்களுடையது பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். பத்து வருஷத்தில் சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை, பேச்சும் பெரிதாக இல்லை. அவர் தறியில், நான் கம்ப்யூட்டரில். நான் போட்ட டிசைனை அவர் நெய்வார். பூ சரியாக விழுந்திருந்தால் "நல்லா வந்துருக்குது" என்பார். அதுதான் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்ட நீளமான வசனம். அந்த வண்டிக்குள் உட்கார்ந்து போகும்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று தெரியாமல் என்னால் மூச்சுவிட முடியாது என்று.

ஹாலுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். காலை இட்லியும் மத்தியானச் சாப்பாடும் தொடாமல் அப்படியே இருந்தன. சாயங்காலம் நீங்கள் ஃபிளாஸ்க்கோடு வந்து கட்டிலோரம் நின்றீர்கள். ஒரு தம்ளரில் வெந்நீர் ஊற்றி நீட்டினீர்கள். வீடு எங்கே என்று கேட்டீர்கள், சொன்னேன். உங்களுக்கு எங்கே என்று கேட்டேன். திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் காலனி என்றீர்கள்.

"வேணாம்க்கா. தொத்திக்கும்" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே நோவுதாம்மா. இனிமே தொத்திக்கறதுக்கு என்னா இருக்குது?"

ஏன் வேண்டாம் என்றேன் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. தம்ளரை நம் கட்டில்களுக்கு நடுவில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தீர்கள். அது ஆறிப்போயிற்று. நான் தொடவில்லை. இதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதினால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும், அக்கா.

மூன்றாம் நாள் மத்தியானம் நீங்கள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தீர்கள். அட்டை போய், பழைய காலண்டர் தாளில் போட்ட உறை. பழைய புத்தகக் கடையில் கிடைத்ததாம், இரண்டு தடவை படித்துவிட்டீர்களாம். மூலைக் கட்டிலில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்து அம்மா ஒருவர் இருந்தார், ஞாபகம் இருக்கும். அவர்தான் ஆரம்பித்து வைத்தார்.

"என்னாம்மா புக்கு அது? சத்தமா படியேன். பொழுதாவது போவும்."

"லவ் கதைதாம்மா. ஆனா நடக்கிற இடம் வதைமுகாம். ஜெர்மன்காரன் யூதருங்கள அடைச்சி வச்சிருந்தான் இல்ல, அங்க."

"அய்யய்யோ" என்றாள் ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி. "நாமளே எப்பன்னு தெரியாம கெடக்குறோம். இப்பப் போயி சாவுக் கதையா?"

"சாவு இருக்குது. ஆனா சாவாம இருந்தவங்க கதைம்மா இது."

"இதுவும் கேம்ப்புதானேக்கா? வெளியில எல்லாரும் கேம்ப்புன்னுதான் சொல்றாங்க" என்றாள் அவள்.

உங்கள் முகம் கொஞ்சம் மாறியது. "அப்படிச் சொல்லக் கூடாதும்மா. அங்க கொல்றதுக்கு அடைச்சாங்க. இங்க பொழைக்கறதுக்குப் படுக்க வச்சிருக்காங்க. பேரு ஒண்ணா இருக்குதுன்னு ரெண்டையும் ஒண்ணாக்கிடாத" என்றீர்கள். அதற்கப்புறம் ஹாலில் யாரும் அப்படிப் பேசவில்லை.

படிக்க ஆரம்பித்தீர்கள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஆனால் காது என் பேச்சைக் கேட்கவில்லை. மனு எழுதி முடித்ததும் அதை எழுதச் சொன்னவருக்கே நிதானமாகத் திருப்பிப் படித்துக் காட்டுவீர்களே, அந்தக் குரல். ஒருவருடைய கஷ்டத்தை அவர் காதிலேயே போட்டு, "சரியா எழுதிருக்கேனா?" என்று கேட்கிற குரல். அந்தக் குரலில் அந்த நாவலைப் படித்தீர்கள்.

முகாமில் தையல் கொட்டகையில் கிழிந்த சட்டைகளைத் தைக்கிற ஒரு பெண். சட்டை மூட்டைகளைத் தூக்கிவரும் ஒருவன். வாரத்துக்கு ஒரு தடவை, மூட்டை கைமாறுகிற நேரம் மட்டும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பேச நாலு வார்த்தைக்குத்தான் நேரம். அவன் கேட்பான், வெளியே போனதும் முதல் ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பாய்? அவள் ஒரு வாரம் ஒரு பதார்த்தம் சொல்வாள். அடுத்த வாரம் அதில் என்ன போடுவாள் என்று சொல்வாள். அப்படி அரை வருஷமாக ஒரு விருந்து வளர்ந்துகொண்டே போகும்.

அவர்கள் பெயர்கள் நம் வாயில் நுழையவில்லை. படிக்க ஆரம்பித்த இரண்டாம் நாளே மூலைக் கட்டில் அம்மா அவனை மாப்பிள்ளை ஆக்கிவிட்டார். கசாயமும் சுண்டலும் கொடுத்துவிட்டுப் போனதும், மூன்று மணிக்கெல்லாம் அவர் குரல் வரும். "ஏம்மா, இன்னிக்கி மாப்பிள்ள வருவானா?" எல்லோரும் கட்டிலில் எழுந்து உட்காருவார்கள். நடக்க முடிந்தவர்கள் தலையணையைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கம் வருவார்கள்.

கைதிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான் என்று வருகிற பக்கத்தில் நீங்கள் நிறுத்தினீர்கள். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தீர்கள். "எங்க தாத்தா பண்ணையில வேல செஞ்சாரு. அங்க அவர ஒருநாளும் பேரு சொல்லிக் கூப்ட்டதில்லயாம். அதனாலதான் நான் எந்த மனு எழுதினாலும் மொதல் வரியில பேர முழுசா எழுதுவேன். தகப்பன் பேரு, தாய் பேரு, எல்லாம்." அவ்வளவுதான் சொன்னீர்கள். மறுபடி புத்தகத்தை எடுத்துக்கொண்டீர்கள்.

ஐந்தாம் நாள் கதையில் ஒரு ரொட்டித் துண்டு வந்தது. மாப்பிள்ளை தன் பங்கை மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து அவளிடம் கொடுக்கிறான். நான் சாப்பிட்டுவிட்டேன் என்கிறான். பொய் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் அவன் நின்றுகொண்டே இருப்பான், காவலாளி பார்த்துவிடுவான். அதனால் அவன் கண்ணெதிரிலேயே வாங்கிச் சாப்பிடுகிறாள். நீங்கள் அந்தப் பத்தியை முடித்ததும் நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

"அக்கா, வெந்நீ இருக்குதா?"

நீங்கள் ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. முதல் நாள் நீட்டிய அதே தம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எந்த வரியில் விட்டோம் என்று தேடினீர்கள். நான் மடமடவென்று குடித்தேன். அன்று இரவுச் சப்பாத்தியையும் சாப்பிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரரும் அதே அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிற உங்கள் தம்பி தினமும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பார். உள்ளே துப்புரவு வேலை செய்கிற உறவுக்காரப் பெண் ஒருத்தி வெளியே வந்து சேதி சொல்வாள். தம்பி உங்களுக்குப் போன் செய்வார். "உன் வீட்டுக்காரர் பேரச் சொல்லு, அவரையும் பாக்கச் சொல்றேன்" என்றீர்கள். அன்றிலிருந்து ஒரே போனில் இரண்டு பேருடைய சேதியும் வந்தது.

"நீயும் ஏதாவது சொல்லியனுப்பு. அந்தப் பொண்ணு காதுல போய்ச் சொல்லும்."

ஹாலே என் வாயைப் பார்த்தது. கடைசியில், "பாவு அப்படியே இருக்குது, யாரும் தொடல, நீங்க வந்துதான் நெய்யணும்னு சொல்லுங்க" என்றேன். பாவு என்றால் தறியில் ஏற்றி நிறுத்தியிருக்கிற நூல் என்று ஜன்னலோரத்துப் பெண்ணுக்கு யாரோ விளக்கினார்கள். மறுநாள் பதில் வந்தது. "மழ வந்தா ஓட்டு மேல கித்தான் இழுத்துவுடச் சொல்லு. தறி மேல ஒழுவும்."

"இதான் லவ் லெட்டரா?" என்று ஜன்னலோரத்துப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆமா, இதான்" என்றீர்கள் நீங்கள். நீங்கள் சிரிக்கவில்லை. நான் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன். பதினோரு பேர் இருக்கிற இடத்தில் பத்து வருஷத்து வெட்கம் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது?

எட்டாம் நாள் சாப்பாட்டுக்கு முன்னால் உங்கள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனீர்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்து என் கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"கோமதி, உன் வீட்டுக்காரரு மாஸ்க்க எடுத்துட்டு அரை மணி நேரம் இருந்தாராம். ரெண்டு இட்லி சாப்ட்டாராம். அபாயம் தாண்டிடுச்சின்னு டாக்டர் சொன்னாராம்."

நான் அழுதேன், அப்புறம் சிரித்தேன். ஹால் முழுக்கக் கைதட்டியது. மூலைக் கட்டில் அம்மா, "நம்ம மாப்பிள்ளயும் இட்லி சாப்ட்டாரு" என்று அறிவித்தார். வெளியே போனதும் யார் யார் முதலில் என்ன சாப்பிடுவது என்று பட்டியல் போட்டோம். நான் மிளகு தூக்கலாகப் போட்ட நம் ஊர் இட்லி என்றேன். மூன்று மணிக்கு நீங்கள் புத்தகத்தைத் திறந்தீர்கள். அன்று வழக்கத்தைவிட நிறையப் படித்தீர்கள். "போதும்க்கா, தொண்ட வத்திடும்" என்று யாரோ சொன்னபோதும் நிறுத்தவில்லை. அடிக்கடி தண்ணீர் மட்டும் குடித்தீர்கள். உங்கள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. இருந்திருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

மூன்று நாள் கழித்து, பாதுகாப்பு உடை போட்ட ஓர் ஊழியர் கையில் காகிதத்தோடு வந்தார். உங்கள் கட்டிலருகே குனிந்து மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் பக்கத்துக் கட்டிலில் இருந்த எனக்குக் கேட்டது. உங்கள் வீட்டுக்காரர் இறந்த விஷயமாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்.

நீங்கள் காகிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள், "அவரோட அப்பா பேருல ஒரு எழுத்து தப்பா இருக்குது. திருத்திக் கொண்டாங்க சார். கையெழுத்துப் போடறேன்."

அவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார்.

"எப்பக்கா?" என்றேன்.

"உன்னோடவரு இட்லி சாப்ட்டாரில்ல, அன்னிக்கி."

எனக்கு வந்தது முதலில் அழுகை இல்லை அக்கா, கோபம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "மூணு நாளா என்னச் சிரிக்க வச்சிக்கினு இருந்தீங்களே! நான் இட்லி, மொளகுன்னு பேசிக்கினு இருந்தேனே! அப்ப நான் என்னா மனுஷி?" என்று கத்தினேன்.

நீங்கள் கத்தவில்லை. "அவரு இட்லி சாப்ட்டதும் நெசம்தானேம்மா? இவரு போனதும் நெசம். ஒரே போன்ல ரெண்டு சேதி வந்துச்சி. உன்னோடத உனக்குக் குடுத்தேன். என்னோடத நான் வச்சிக்கினேன். சொல்லியிருந்தா நீ மறுபடி செவுத்தப் பாத்துப் படுத்துருப்ப. இந்த ஹால்ல யாருக்கும் சோறு எறங்கியிருக்காது. எப்படியும் என்ன வெளியில வுடப் போறதில்ல. தம்பிதான் அடக்கத்தத் தூரமா நின்னு பாத்துட்டு வந்தான்." அப்புறம், "படிக்கும்போது மட்டுந்தான் மூச்சு வந்துக்கினு இருந்துச்சி" என்றீர்கள்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்கு உறைத்தது. மூன்று நாளாக உங்கள் சப்பாத்தி, "எனக்குப் பசிக்கல" என்று மூலைக் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் உங்கள் ஃபிளாஸ்க்கிலிருந்து உங்கள் தம்ளரில் ஊற்றி, உங்கள் வாயருகே பிடித்தேன். இரண்டு மடக்குக் குடித்தீர்கள். வந்திருந்த சாப்பாட்டைப் பிசைந்து ஊட்டினேன். குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டீர்கள்.

அன்று மூன்று மணிக்கு யாரும் புத்தகத்தைக் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் தலையணையோடு உங்களைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். மூலைக் கட்டில் அம்மாதான் கேட்டார். "உங்க மாப்பிள்ள எப்படிம்மா வந்தாரு?"

நீங்கள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தீர்கள்.

"நான் மரத்தடியில மேச போட்ட புதுசு. ஒரு திங்கக்கிழம வந்தாரு. தெருவெளக்கு எரியலன்னு மனு எழுதச் சொன்னாரு. எழுதினேன். அடுத்த திங்கக்கிழம வந்து கொழாயில தண்ணி வரலன்னாரு. எழுதினேன். அதுக்கடுத்த வாரம் நாய்த் தொல்ல. நாலாவது வாரம் அவங்க தெருவுல பஸ் நிறுத்தம் வேணும்னாரு. 'ஏங்க, உங்க தெரு வழியா பஸ்ஸே போவாதே, நிறுத்தம் எதுக்கு?'ன்னு கேட்டேன். திருதிருன்னு முழிச்சாரு."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அதைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்தோம்.

"அப்பறம்?"

"அஞ்சாவது வாரம் கொசுத் தொல்ல. ஆறாவது வாரம் ஒரு வெள்ளப் பேப்பர நீட்டி, 'இந்த மனு உங்களுக்குத்தான். நீங்களே எழுதிக்குங்க'ன்னாரு."

"என்னா எழுதின?" என்றார் மூலைக் கட்டில் அம்மா.

"பொருள்: திருமணம் செய்துகொள்ள அனுமதி வேண்டி."

அவ்வளவு பேர் அழுதுகொண்டே சிரித்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் முடிக்கவில்லை. குரல் தணிந்தது. "மொத அஞ்சு மனுவையும் அவரு உள்ள போயி குடுக்கவே இல்ல. கேட்டாண்ட போட்டுட்டுப் போயிடுவாரு. அவரு தல மறஞ்சதும் நான் போயி பொறுக்கியாந்து வச்சிக்குவேன். ஆறும் பொட்டியில இருக்குது. இத்தினி வருஷமா அவருக்குத் தெரியாது. என்னிக்காவது ஒருநாள் எடுத்துக் காட்டிச் சிரிக்கணும்னு வச்சிருந்தேன்." அங்கேதான் உங்கள் குரல் உடைந்தது. மற்ற பத்துக் கட்டில்காரிகளும் உங்களை அழவிட்டோம். யாரும் தேற்றவில்லை.

மறுநாள் உங்களால் படிக்க முடியவில்லை. இன்னும் இரண்டு அத்தியாயம் மீதி இருந்தது. புத்தகத்தை என்னிடம் நீட்டினீர்கள். நான் முந்தின நாளே திருட்டுத்தனமாகக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவைத்திருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் பிழைக்கிறார்கள், சேருகிறார்கள் என்று தெரியும்.

"அக்கா, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். மத்தவங்களுக்கு நான் வாயாலயே கதையச் சொல்லி முடிச்சிடறேன்" என்றேன்.

"இல்ல, படி. அவங்களாவது சேரட்டும்."

படித்தேன். முகாம் வாசல் திறக்கிறது. அவளும் அவனும் வேறு வேறு ஊர்களுக்குச் சிதறிப்போகிறார்கள். அவள் ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் சுவரில் ஒட்டிய பெயர்ப் பட்டியலில் அவன் பெயரைத் தேடுகிறாள். எண் இல்லை, பெயர். நான் ஒவ்வொரு பெயரிலும் தடுக்கி விழுந்தேன். நீங்கள் கண்ணை மூடிப் படுத்தபடியே திருத்தினீர்கள். ஒரு சின்ன ஊரின் தையற்கடையில் வேலை கேட்டுப் போய் நிற்கிறாள். உள்ளே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் திரும்புகிறான். அந்த வரி வந்ததும் மூலைக் கட்டில் அம்மா, "வந்துட்டான்!" என்று போட்ட சத்தத்தில் வராந்தாவிலிருந்து நர்ஸ் ஓடிவந்தார். நான் உங்களைப் பார்த்தேன். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. பொய்ச் சிரிப்பு இல்லை.

அவர் வீடு வர இருபது நாளுக்கு மேல் ஆனது. பாதியாக இளைத்து வந்து, முதலில் மகள் தலையைத் தொட்டார், அப்புறம் தறியைப் போய்ப் பார்த்தார். நூலைத் தடவிக்கொண்டே, "பாவு இருக்குதுன்னு சொல்லியனுப்பின இல்ல... அதக் கேட்டப்பறம்தான்..." என்றார். மீதியை அவர் சொல்லவில்லை. வண்டி ஏறும்போது என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். யோசித்தார். "ஞாபகம் இல்ல. கித்தானப் பத்தித்தான் இருக்கும்" என்றார்.

உங்கள் வீட்டுக்கு நாங்கள் இருவரும் வந்தோம். பெட்டியைத் திறந்து அந்த ஆறு காகிதத்தையும் காட்டினீர்கள். அவர் பஸ் நிறுத்த மனுவைப் படித்துவிட்டுச் சிரித்தார், உடனே அழுதார். உங்கள் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம். வீட்டில் மாமியார் கேட்டார், "அங்க சாப்ட்டீங்களா?" நான் வாயெடுப்பதற்குள் அவர் சொன்னார், "சாப்ட்டோம். நான் உசுரோட இருக்கேன்னு இவளுக்குச் சேதி சொன்னவங்க வூடும்மா அது. அடுத்த வாரம் இங்க வராங்க." நீங்கள் வந்தபோது மாமியார் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அதற்கடுத்த தடவை கதவருகே வந்து நின்றார். அந்த வருஷக் கடைசியில் ரேஷன் கார்டில் மாமியார் பெயர் தப்பாக வந்தது. நீங்கள் எழுதிய மனுவை உங்களை ஒட்டி உட்கார்ந்து, உங்கள் முழங்காலில் கை வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். தன் பெயர், தன் தாய் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் அவ்வளவு முழுசாக அவர் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை என்று அப்புறம் என்னிடம் சொன்னார்.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை மேசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்களாம். உங்கள் தம்பி போன் செய்தார். அதில் ஒரே ஒரு சேதிதான் இருந்தது. நான் ஓடிவந்தேன், கல்லறை வரைக்கும் கூட வந்தேன். ஜன்னலோரத்துப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மூலைக் கட்டில் அம்மா வர முடியாமல், பேரனுடைய போனிலிருந்து என்னிடம் பேசினார். "பாபம், நல்லாப் படிக்கும் அந்தப் பொண்ணு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நீங்கள் போன பிறகு என்னிடம் இருப்பது பெரிய வீரமோ ஞானமோ இல்லை அக்கா. சொல்ல இருப்பதை நான் இப்போதெல்லாம் அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்வதில்லை. நல்ல சேதி என்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ச் சொல்கிறேன். மகள் நன்றாக வரைந்தால் அந்த நிமிஷமே சொல்கிறேன். மாமியாரிடம்கூடச் சொல்கிறேன், உங்கள் ரசம் எனக்கு வராது என்று.

இன்று காலை அவர் நெய்து முடித்த சேலையை மடித்து எடுத்துக்கொண்டு நெசவாளர் சொசைட்டிக்குக் கிளம்பினார். மாமியாரும் மகளும் கூடத்தில் இருந்தார்கள். நான் வாசல் வரைக்கும் போய், "உங்களோட இருக்கறது எனக்குப் புடிச்சிருக்குது" என்றேன்.

"காலையிலயே என்னா ஆச்சி உனக்கு?" என்றார். காது சிவந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனவர், திரும்பி வந்து வாசலில் நிறுத்தினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஹெல்மெட்ட மறந்துட்டேன்" என்றார்.

ஹெல்மெட் தலையில் இருந்தது.

உங்கள்
கோமதி